பிரிக்காத பதினெட்டுக் கடிதங்கள்

கண்டி நகரத்துப் புடவைக் கடையின் பின்னறையில், துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சர்மிளாவும் அவளோடு வேலை செய்யும் றலியாவும் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள். சர்மிளாவின் கைப்பைக்குள் ஒரு விலகல் கடிதம் இருந்தது. அடுத்த மாதம் அவளுக்கு ஐம்பது வயது. அந்த வயதில் வேலையை விட்டால்தான் ஊழியர் சேமலாப நிதிக் காசு கைக்கு வரும். இருபத்தொரு வருடம் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டிய காசு.

“மெய்யா குடுக்கப் போறியா புள்ள?” என்றாள் றலியா.

“குடுக்காம? நாடே கடன் கட்ட முடியாம நின்னுச்சு. நான் தடி ஊனி நடக்கிற காலத்துல அந்த நிதியில என்ன மிஞ்சும்? உங்க ஆகிப் சொல்ற டிஜிட்டல் காசுல போட்டுர்றேன்.”

ஆகிப், றலியாவின் அக்கா மகன். ஃபோன் கடையில் வேலை. சாச்சிக்குச் சாப்பாடு கொண்டு வந்தவன் கதவடியில் நின்றான். சர்மிளா அவனை விடவில்லை. புடவையென்றாலும் நூலைப் பிரித்துப் பார்க்கிறவள் அவள்.

“தம்பி, இந்தக் காசு எங்க இருக்கு? பேங்க்லயா?”

“பேங்க் இல்ல ஆன்ட்டி. உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல பதிஞ்சி ஈக்கி.”

“வெல எறங்குமா?”

“எறங்கும். பாதியாப் போன நாளும் ஈக்கி. பொய் சொல்லேலா.”

“ரகசிய வார்த்தைய மறந்துட்டா யாருகிட்ட போய்க் கேக்குறது?”

“ஒத்தர்ட்டயும் கேக்கேலா.”

றலியா வெடித்துச் சிரித்தாள். “நல்ல யாவாரந்தான் மகன்!”

ஆகிப்புக்கு ரோசம் வந்துவிட்டது. “சிரிக்க வாணாம் சாச்சி. நம்மட காசு வந்ததா, போனதான்டு எந்த நேரமும் ஃபோன்லயே பாக்கேலும். ஆன்ட்டிட நிதியில இன்டக்கி எவ்வளவு ஈக்கி? சொல்லுங்க பாப்பம்.”

சர்மிளா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது.

மறுநாள் அவள் ஊரான புசல்லாவையிலிருந்து வந்த பஸ்ஸில் அவள் மடியில் ஒரு பிஸ்கட் டின் வந்தது. உள்ளே நிதியிலிருந்து வருடாவருடம் வந்த கடிதங்கள். முதலாளி தரும்போதெல்லாம், அரசாங்கக் கடிதம் கிழியக் கூடாதென்று பிரிக்காமலேயே பத்திரப்படுத்தியவை. பின்னறையில் அவளும் றலியாவும் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பதினெட்டு. கடைசிக் கடிதம் பொருளாதார நெருக்கடிக்கு முந்திய வருடத்தது; அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

“பேப்பர் தட்டுப்பாட்டுல நிறுத்திட்டாங்கன்னுல்ல நெனச்சேன்,” என்றாள் சர்மிளா.

அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு அந்த நிதியைக் கவனிக்கும் தொழில் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த உத்தியோகத்தர் கணினியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“அம்மா, மூணு வருசமா உங்க பேருக்குக் காசு வரல்ல.”

“சம்பளத்துல வெட்டுறாங்களே!”

“வெட்டின காசு முதலாளிகிட்ட நிக்குது. வேலைய விட்டுட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

“நல்லதாப் போச்சு. விட்டுட்டா இத வாங்குறது கஷ்டம். உட்காந்து முதலாளி மேல முறைப்பாட்ட எழுதுங்க.”

திரும்பி வந்து நேரே காசு மேசைக்குப் போனாள். ராஜலிங்கம் முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“கஷ்ட காலம் சர்மிளா. யாவாரம் நிமிர்ந்ததும் கட்டலாம்னு இருந்தேன். நீங்க யாரும் கேக்கவும் இல்ல...”

“கேக்காதது எங்க பிழை முதலாளி. கட்டாதது உங்க பிழை. முறைப்பாடு குடுத்துட்டுத்தான் வந்தேன்.”

அவர் நிமிரவில்லை. “கட்டிர்றேம்மா,” என்றார்.

பின்னறைக்கு வந்த சர்மிளா விலகல் கடிதத்தை நாலாகக் கிழித்தாள். “பாக்கியக் கட்டி முடிக்கிற வரைக்கும் நான் இங்கதான்.”

“அப்ப டிஜிட்டல் காசு?” என்றாள் றலியா.

“அது நிக்குமா, இது நிக்குமான்னு எனக்கு இன்னும் தெரியல. அதையும் துருவித்தான் பாக்கணும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுகிட்டேன். நாடு விழுமா, உலகம் விழுமான்னு ஊர் நியாயம் பேசினோமே, நம்ம பேருக்குக் காசு போகுதான்னு ஒருநாள் பாத்தோமா? எங்க வச்சாலும் சரி, வருசத்துக்கு ஒருதரம் போய்க் கேக்கணும் றலியா. கேக்காம விட்ட காசு நம்ம காசே இல்ல.”

றலியாவும் இதே கடையில்தான் பதினாறு வருடம். அவள் வீட்டு அலுமாரியிலும் அப்படியொரு கடிதக் கட்டு பிரிக்காமல் கிடந்தது.

முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

“அந்த ஒபிஸ் எத்தன மணி வரக்கும் தொறந்து ஈக்கும் புள்ள?”