இடப்பக்கத் தூண்

1

இந்தக் கதை என் மண்டையில் பிறந்தது அல்ல. அரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில் கிடைத்தது. முன் இருக்கையில் இருந்த பெண் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: “கார் தூண கேஸ் வச்சு சூடு காட்டிட்டாரு. பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இனிமே தூணே இல்ல.” சொல்லிவிட்டு உப்பளத்தில் இறங்கிப் போய்விட்டாள். ஒட்டுக் கேட்பது தப்புதான். என்ன செய்ய, எழுதுகிறவனுக்கு அதுதான் பிழைப்பு.

அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கார் கம்பெனியில் வேலை பார்த்த நண்பர் அன்பழகனிடம் கேட்டேன். அவர் விளக்கியதிலிருந்து எந்தக் காரில் ஏறினாலும் கதவோரத் தூணைத்தான் பார்க்கிறேன். அந்தக் கவலையை உங்கள் தலையிலும் இறக்கிவைத்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாகும்.

2

முதல் தொடக்கம்: எஃகு என்பது ஒரே பொருள் அன்று, அதன் வகைகள் பின்வரு… (அடித்துவிட்டேன். பாடம் படிக்கவா வந்தீர்கள்?)

இரண்டாம் தொடக்கம்: கடலூர் சாலையில் லாரி ஒன்று தறிகெட்டு… (இதையும் அடித்துவிட்டேன். காரணம் பின்னால் வரும்.)

மூன்றாவது: மேனகா எலுமிச்சம்பழத்தோடு பட்டறைக்குள் வந்தபோது வெள்ளைக் கார் புத்தம்புதிதாக நின்றது. (இது இருக்கட்டும்.)

பட்டறை அவள் புருஷன் இனியவனுடையது. உப்பளத்தில் டிங்கரிங் வேலை. அடிபட்டு நசுங்கிய கார்களை நிமிர்த்தித் தருவான். மேனகாவுக்குச் சேதராப்பட்டில், கார் பாகங்கள் செய்யும் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. எஃகுத் துண்டை இயந்திரத்தில் மாட்டி, எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று பார்க்க வேண்டும். புருஷன் நிமிர்த்துகிறான், பெண்டாட்டி அறுக்கிறாள் என்று தெருவில் கேலி பேசுவார்கள். இரண்டு பேருக்கும் நாள் முழுக்க இரும்போடுதான் மல்லுக்கட்டு. அதனால் வீட்டுக்குள் இரும்புப் பேச்சு கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அதை அன்றுவரை காப்பாற்றியதுதான் அவர்கள் செய்த பிழை.

வெள்ளைக் கார், டாக்சி ஓட்டும் ஜெரினுடையது. பால் வேன் இடப்பக்கம் இடித்து உள்ளே தள்ளியிருந்தது. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போக அம்மா ஸ்டெல்லாமேரியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று மேனகா தயங்கினாள். “வையிம்மா, மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க” என்று ஸ்டெல்லாமேரி சிரித்தார். பழம் நசுங்கியது, வண்டி கிளம்பியது.

3

வண்டி திரும்பி மறைந்த பிறகு இனியவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒப்பந்தத்தை மீறினான்.

“கதவு ஒத்த வெரல்ல சாத்துது, பாத்தியா? நடுத்தூணுதான் பாடாப் படுத்திடுச்சு. சம்மட்டியே எகிறுது. அப்புறம் கேஸ் வச்சு சேப்பாவுற வரைக்கும் காட்டுனேன். சொன்ன பேச்சு கேட்டுச்சு.”

மேனகா தெருமுனை வரை ஓடிப் பார்த்தாள்.

(ஏன் என்று இங்கே சொல்லியாக வேண்டும். காரின் உடம்பு முழுக்க ஒரே எஃகு இல்லை. கதவின் வெளித்தகடு இளகிய ரகம், வளைவுக்கெல்லாம் இணங்கும். முன்பக்கச் சட்டங்கள் அதைவிட வலுவானவை, மோதும்போது மடங்கி அடியை வாங்கிக்கொள்ளும். இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கும் தூண் மட்டும் மடங்கக் கூடாது. அதை ஒட்டித்தான் ஆள் உட்கார்ந்திருக்கிறார். அதனால் இந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் போரான் கலந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சி, அச்சில் அழுத்தி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிரவைத்துத் தூண் செய்கிறார்கள். அதன் வலிமையெல்லாம் அந்தக் குளிரவைப்பில் வந்தது. மறுபடி காய்ச்சி மெதுவாக ஆறவிட்டால் போய்விடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். தூண் மட்டும் பழையபடி நிமிர்ந்து நிற்கும், பெயிண்ட் பளபளக்கும். அது வளைந்தால் வெட்டியெடுத்துவிட்டுப் புதிதுதான் வைக்க வேண்டும். இதெல்லாம் அன்பழகன் சொன்னது.)

4

இனியவனைப் பொறுப்பில்லாதவனாக எழுதிவிடலாம் என்று பார்த்தேன். குடித்துவிட்டு, காசைப் பிடுங்கிக்கொண்டு, அரைகுறை வேலை… முடியவில்லை. அவன் கதவிடுக்கு மேலும் கீழும் ஒரே அளவு இல்லையென்றால் வண்டியை வெளியே விடாத ஆள். அவன் தொழில் பழகிய காலத்து வண்டிகளில் சூடு காட்டுவது சரிதான். எனக்குத் திக்கென்றது இங்கேதான்: அவன் எவ்வளவு பொறுப்பாகக் காய்ச்சினானோ அவ்வளவுக்குத் தூண் கெட்டிருக்கிறது.

மேனகா இதைச் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான் செய்கிறார்கள், உன் கம்பெனிக் கதை கம்பெனியோடு இருக்கட்டும் என்றான்.

5

பட்டறையில் ஒரு சிவப்புக் கார் நின்றது. (நான்தான் இப்போது கொண்டுவந்து நிறுத்தினேன். வேறு வழி தெரியவில்லை.) அதற்கும் இடப்பக்கத் தூணைத்தான் போன வாரம் காய்ச்சி நிமிர்த்தியிருந்தான்.

“அரத்த எடுத்துட்டு வாங்க” என்றாள் மேனகா.

சூடு படாத வலப்பக்கத் தூணில் கதவு ரப்பரை உரித்து, பெயிண்டைச் சுரண்டி, அரத்தைப் போட்டான். கிறீச்சென்று வழுக்கியது, மயிரிழைக் கீறல்தான் விழுந்தது. இடப்பக்கம் போட்டான். அரம் கடித்துப் பிடித்தது. பொடி பொலபொலவென்று உதிர்ந்தது. நம்பாமல் இன்னொரு முறை போட்டான். பொடி அவன் உள்ளங்கையில் விழுந்தது. அரத்தைக் கீழே போட்டான்.

“ஜெரினு அம்மா எங்க உக்காருவாங்க?” என்று கேட்டான்.

“முன்னாடி, எடது பக்கம். பின்னாடி உக்காந்தா வாந்தி வரும் அவங்களுக்கு.”

6

முடிவுகள்.

(அ) கடலூர் சாலையில் லாரி. இரண்டாம் தொடக்கத்தை அடித்தது இதனால்தான். எஃகைப் பற்றி ஒரு பாடம் சொல்ல ஸ்டெல்லாமேரியைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.

(ஆ) ஒன்றுமே நடக்காது. மாதாவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். இனியவன் வாயைத் திறக்க மாட்டான். சில வருஷம் கழித்து ஜெரின் காரை விற்பான். வாங்குகிறவன் தன் பிள்ளையை இடப்பக்கம் உட்காரவைப்… (இதை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.)

(இ) இனியவன் போன் அடித்தான். ஜெரின் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். சிதம்பரம் பக்கம் டீக்கடையில் நிறுத்தியபோதுதான் ஜெரின் எடுத்தான்.

“ஜெரினு, வண்டிய எடுக்காத. அங்கயே நிக்கட்டும். அம்மாவ பஸ்ல கூட்டிட்டுப் போ. தூணு சரியில்ல. நாந்தான்டா கெடுத்துட்டேன்.”

மூன்றாவதையே வைத்துக்கொண்டேன். ஆனால் அது அங்கே முடியவில்லை. இனியவன் போனைக் கீழே வைக்கவில்லை. போனில் ஆட்களுக்கு வண்டியின் நிறத்தை வைத்துத்தான் அவன் பெயர் போட்டிருந்தான்: நீல வண்டி வீராம்பட்டினம், சாம்பல் வண்டி பால்காரர். எதற்கெல்லாம் சூடு காட்டினோம் என்று அவனுக்கு நினைவில்லை. எல்லாமே அவன் நல்லபடியாகச் செய்து முடித்த வேலைகள். ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தான். பாதிப் பேர் எடுக்கவே இல்லை.

7

ஸ்டெல்லாமேரி பிழைத்தார், பேனா என் கையில் இருந்ததால். இனியவனும் மேனகாவும் நான் செய்த ஆட்கள். பஸ்ஸில் பேசிய பெண் நான் செய்தவள் இல்லை. அவள் சொன்ன கார் யாருடையது, அதில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு யாராவது சொன்னார்களா, எனக்குத் தெரியாது. அவள் பின்னாலேயே இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். நான் இருக்கையில் உட்கார்ந்து இந்தக் கதைக்கு முதல் வரி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். எப்போதாவது உங்கள் வண்டி பக்கவாட்டில் அடிபட்டு, பட்டறைக்குப் போய், புதிதுபோலத் திரும்பி வந்திருக்கலாம். பழைய வண்டியாக வாங்கியிருந்தால் அதுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், லோன் வேண்டுமா என்று கேட்கிற ஆள் என்று நினைத்து வெட்டிவிடுவீர்கள். நானும் அப்படித்தான்.

இந்த ஒரு முறை எடுத்துப் பேசுங்கள்.