இரண்டு மணிப் பால்

பழைய பிரசவ ஆஸ்பத்திரியை இடிக்கப் போகிறார்கள் என்று மகள்தான் போனில் சொன்னாள். அன்று மதியமே டீச்சர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வாசல் கேட் பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு இடையே இரண்டாவது மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்த கண், நாலாவது ஜன்னலில் நின்றது. இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் அந்த ஜன்னலோரம்தான் அவள் பத்தொன்பது நாள் கிடந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததும் அங்கேதான், அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதும் அங்கேதான்.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துக்கே டைம்டேபிள் போடுகிறவளும் அவள்தான். பெரிய அட்டையில் பென்சிலால் கட்டம் போட்டு, யார் லீவு எடுத்தால் எந்த வகுப்புக்கு யார் போவது என்பதுவரை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவாள். வீட்டிலும் அதே கதைதான். "உன் ஜெபத்தைக் கேட்டா ஆண்டவருக்கே டைம்டேபிள் போட்டுக் கொடுக்கிற மாதிரி இருக்கு" என்று எலக்ட்ரீஷியனான கணவர் கிண்டல் செய்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்தே சபையில் வளர்ந்தவள், ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று மனமாரச் சொல்வாள். ஒருவேளை அவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் சத்தமில்லாமல் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருப்பாள்.

ஆனால் ஏழு வாரம் முன்னாலேயே குழந்தை பிறந்துவிடும் என்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை.

ஒரு முழம்கூட இல்லை, அவ்வளவுதான் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இறக்கியிருந்தார்கள். பவுடர் பால் கொடுத்துப் பார்த்ததில் வயிறு உப்பிக்கொண்டது. டாக்டர் வந்து, "தாய்ப்பால்தான் வேணும். வேற எதையும் இந்த வயிறு தாங்காது. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடனே டீச்சர் கணவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவரச் சொன்னாள். ஒரு நாளைக்கு எட்டு வேளை. இன்றைக்கு ஒரு வேளைக்கு இவ்வளவு, அடுத்த வாரம் இவ்வளவு, பதினைந்தாம் நாள் இவ்வளவு என்று கட்டம் கட்டமாக எழுதி, கடைசியில் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். அவளுக்கு வந்துகொண்டிருந்ததோ சொட்டுக் கணக்கில். பிழியப் பிழிய சிறிய எவர்சில்வர் கப்பின் அடிதான் நனைந்தது. பயம் ஏற ஏற அந்தச் சொட்டும் குறைந்தது.

நாலாம் நாள் மதியம், இரண்டு மணி வேளைக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை.

தலைமை சிஸ்டர் கப்புக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். சிரித்தே பார்த்திராத முகம். "இன்னும் பத்து நிமிஷம் பாரும்மா" என்றாள். பத்து நிமிஷமும் போனது. "சிஸ்டர், வரலை... எங்கிட்ட ஒண்ணுமே இல்லை சிஸ்டர்" என்று டீச்சர் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

பக்கத்துக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தது. அங்கே ஒரு பெண் மூன்று நாளாகச் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். லாண்ட்ரியில் இஸ்திரி போடுகிறவள், ரத்தக்கொதிப்பு குறையாததால் வீட்டுக்கு அனுப்பவில்லை, பிறந்த அன்றே அவளுடைய ஆண்குழந்தை இறந்துபோனது. டீச்சருக்கு அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் டீச்சர் அந்தப் பக்கம் திரும்பாமலேயே இருந்தாள்.

இப்போது அந்தத் திரை நகர்ந்தது. கலைந்த தலையோடு அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது.

"அந்தக் கப்பை இங்க கொடுங்க சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு வேகமாக டாக்டரிடம் போய் அவளுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைக் காட்டி, அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு மணிப் பால் இரண்டே முக்காலுக்குக் குழாய் வழியாக இறங்கியது. கண்ணாடிக்குள் குழந்தை வாயை மூடி மூடித் திறந்தது. பெட்டி இருந்த அறைவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து பார்த்த லாண்ட்ரிக்காரி, "குருவி மாதிரி இருக்கு" என்றாள். அன்றிலிருந்து குழந்தைக்குப் பெயர் குருவிதான்.

கட்டிலுக்குத் திரும்பியதும் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்வதற்கு முன்னால் வாயிலிருந்து கேள்விகள்தான் வந்து விழுந்தன.

"அக்கா, அஞ்சு மணிக்கும் தருவீங்களா? நாளைக்கு? உங்களை டிஸ்சார்ஜ் பண்ணிட்டா என்ன பண்றது? அடுத்த வாரம் இதைப்போல ரெண்டு மடங்கு வேணும், பாருங்க, எழுதி வச்சிருக்கேன்..."

லாண்ட்ரி அக்கா நோட்டை வாங்கிப் பார்த்தாள். "எனக்கு இந்தக் கட்டமெல்லாம் புரியாது டீச்சர். ரெண்டு மணிக்கு வேணும்னு கேட்டோம், கிடைச்சிடுச்சு. அஞ்சு மணி வரட்டும், அப்ப கேட்போம்."

"வரலைன்னா?"

"அஞ்சு மணிக்குள்ள எத்தனை தடவை அழப்போறீங்க? படுங்க."

ஐந்து மணிக்குப் பால் இருந்தது. எட்டு மணிக்கும் இருந்தது. கப்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அக்கா கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த வேளைக்கு" என்பாள். முடிந்ததும், "தோத்திரம்" என்பாள். ஜெபம் அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் வரிசையாக ஜெபிக்கும் டீச்சருக்கு அது என்னவோ பாதியில் நின்றுபோன மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மதியம் பார்வையாளர்கள் எல்லாரும் போன பிறகு, மனதை அரித்துக்கொண்டிருந்ததை டீச்சர் கேட்டேவிட்டாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க பிள்ளையை எடுத்துத்தான் கடவுள் என் பிள்ளைக்குக் கொடுக்கிறாரா? அப்படின்னா இந்தப் பாலை நான் எப்படி வாங்குறது?"

அக்கா போர்வையின் சுருக்கங்களைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்புகள் மினுங்கின.

"ஒரு பிள்ளைகிட்டேயிருந்து பிடுங்கி இன்னொரு பிள்ளைக்கு ஊட்டுறவர் இல்லை அவர். அப்படி நினைக்காதே" என்றாள். அப்போதுதான் முதன்முதலாக 'நீ' என்று பேசினாள். "என் பையன் ஏன் போனான்னு எனக்குத் தெரியாது. கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். பதில் வரலை. பால்தான் வந்துச்சு. துணியை வச்சு இறுக்கிக் கட்டுன்னாங்க. கட்டினேன், வலிதான் ஜாஸ்தியாச்சு. அப்பதான் நீ அழுதே."

"உங்களுக்குப் பயமே இல்லையா அக்கா?"

"யார் சொன்னா? அடுத்த வாரத்தை நினைச்சா எனக்கும் மூச்சு முட்டுது. வெறுங்கையோட வீட்டுக்குப் போகணும். வாங்கி வச்ச தொட்டில் அங்கே கிடக்கு. நான் இப்ப அந்தப் பக்கமே பார்க்கலை. இந்த வேளைக்கு என்ன வேணுமோ அதை மட்டும் கேட்கிறேன், கொடுக்கிறார். அதுக்கு மேல கேட்க எனக்குத் தெம்பு இல்லை."

இவள் தைரியசாலி, அதனால்தான் நம்புகிறாள் என்றுதான் டீச்சர் அதுவரை நினைத்திருந்தாள். தன்னைவிட வெறுமையான கையோடு ஒருத்தி அந்த வேளைக்கு மட்டும் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று மாலை அவள் நோட்டைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்திருக்க, பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாக அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள்.

எட்டாம் நாள் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அக்கா தினமும் காலையிலும் மாலையிலும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வீட்டில் எடுத்த பாலைச் சின்ன பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவருவாள். சிஸ்டர் அதை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்வாள். டீச்சருக்கும் கொஞ்சம் ஊற ஆரம்பித்திருந்தது. ஆனால் ஒரு வேளைக்குக்கூடக் காணாது.

பன்னிரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. விடியும்போதே சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். பஸ் ஓடவில்லை, கணவராலும் வர முடியவில்லை. காலையில் வரவேண்டிய அக்கா வரவே இல்லை. பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜில் இருந்த கடைசிப் பாலையும் கொடுத்தாயிற்று.

மறுபடியும் அதே இரண்டு மணி. அதே கப். அதே சிஸ்டர்.

ஐந்து மணிக்கு என்ன, எட்டு மணிக்கு என்ன என்று மனம் பழைய பழக்கத்தில் ஓடத்தான் பார்த்தது. டீச்சர் அதை இழுத்துப் பிடித்தாள். அழகான வார்த்தை எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, இந்த வேளைக்கு" என்றாள். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வாயைத் திறந்து மூடும் அந்த முகத்தை மட்டும் நினைத்துக்கொண்டாள்.

முதலில் சொட்டுதான். பிறகு நூல் மாதிரி ஒரு தாரை. கப்பின் அடி மறைந்தது. டீச்சர் கண்ணைத் திறந்து பார்க்கப் பயந்தாள். கடைசியில் சிஸ்டர் வாங்கி அளந்தாள். இருபது மில்லி வேண்டும். பதினெட்டு இருந்தது.

"ரெண்டு குறையுதே சிஸ்டர்?"

"போதும்மா" என்றாள் சிஸ்டர். போகிற போக்கில் டீச்சரின் தலையில் ஒரு நொடி கை வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்து மணிப் பாலை எடுத்து முடித்த நேரத்தில் அக்கா வந்து சேர்ந்தாள். இரண்டு மணி நேரம் தண்ணீரில் நடந்து வந்திருக்கிறாள். ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பிளாஸ்டிக் பையில் சுற்றிய பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்திருந்தாள். டீச்சர் நிறைந்த கப்பைத் தூக்கிக் காட்டினாள்.

அக்கா கப்பைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "அப்ப எனக்கு வேலை போச்சா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

பதினாறாம் நாள் குருவியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்கள். தாயின் நெஞ்சில் கொஞ்ச நேரம் இருந்த பிறகு, "அக்கா, நீங்க பிடிங்க" என்றாள் டீச்சர். அக்கா தயங்கினாள். கையைப் புடவையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள். வாங்கியதும் முகத்தைக் குழந்தையின் தலையில் புதைத்துக்கொண்டு, இறந்துபோன தன் மகனுக்கு வைக்க நினைத்திருந்த பெயரை ஒரே ஒரு தடவை சொன்னாள். அவள் புருஷனைத் தவிர அந்தப் பெயர் வேறு யாருக்கும் தெரியாது. டீச்சர் இன்றுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவுக்கு அதன் பிறகு பிள்ளை பிறக்கவில்லை. ஏன் என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கவில்லை. தொட்டில் மட்டும் டீச்சர் வீட்டுக்கு வந்தது. குருவி கசங்கிய சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போனதே கிடையாது, எல்லாம் பெரியம்மாவின் இஸ்திரி. கவலைப்படுவதை டீச்சர் அடியோடு விட்டுவிட்டாள் என்று சொன்னால் அது பொய். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதும், கணவர் ஏணியிலிருந்து விழுந்து மூன்று மாதம் படுத்தபோதும் மனம் முதலில் நோட்டைத் தேடித்தான் ஓடியது. கொஞ்ச தூரம் ஓடியதும் நின்று, அந்த வேளைக்கு மட்டும் கேட்கவும் அது பழகியிருந்தது. கேட்ட வேளைகள் எல்லாம் கடந்துபோயின, சில சமயம் பதினெட்டோடு.

ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் டீச்சர் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நம்ம ஆஸ்பத்திரியை இடிக்கப் போறாங்களாம்."

"இடிக்கட்டும். அந்தக் கட்டில்ல என் முதுகு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றாள் அக்கா. பிறகு அவளே கேட்டாள்: "எப்ப இடிக்கிறாங்க?"

"அடுத்த மாசமாம்."

"அவன் இருந்த இடம் அது ஒண்ணுதான் டீச்சர். ஒரு தடவை பார்த்துடணும். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் போவோமா? குருவியையும் வரச் சொல்லு."

"போவோம். ஆனா உங்க மூட்டு வலிக்கு அவ்வளவு தூரம் பஸ்ல எப்படி? ஆட்டோ கிடைக்கலைன்னா? அன்னைக்குப் பார்த்து மழை வந்துட்டா..."

"ஞாயித்துக்கிழமை முதல்ல வரட்டும்" என்றாள் அக்கா. "இப்ப போய்ச் சாப்பிடு."