ஒட்டாத மை

ஊரே சால்வன்ட் என்கிற கரைப்பானின் வாடையைச் சகித்துக்கொண்டு பிழைப்பு நடத்திய தொண்ணூற்றாறாம் வருஷத்தில், மானசாவுக்கு மட்டும் தண்ணீரில் கரையும் மை வேண்டுமென்று பிடிவாதம். கோவை கணபதியில் அவளும் கணவன் ஸ்ரீனிவாஸும் ஒரு சின்ன மைக் கம்பெனி நடத்தினார்கள். பாக்கெட் மேல் தேதியும் பேட்ச் நம்பரும் பீச்சி அடிக்கிற இங்க்ஜெட் மெஷின்களுக்கான மை. சால்வன்ட் மை எதிலும் சட்டென்று ஒட்டும், உடனே காயும். ஆனால் மெஷின் ஓட்டுகிறவர்களுக்குச் சாயங்காலமானால் தலை விண் விண்ணென்று தெறிக்கும். “தலைவலியை டின்னுல அடைச்சு விக்கறோம்” என்பாள். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்ததற்கு இதையாவது மாற்றக்கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

மையின் உயிர் அதிலுள்ள ரெசின். நிறத்தைப் பிடித்து வைத்து, அடிக்கிற பொருளோடு ஒட்டவைக்கும் பிசின் அது. தண்ணீரில் கரைய வேண்டும், காய்ந்தபின் கரையக் கூடாது. மெஷினின் மூக்குக்குள் காயக் கூடாது, பாக்கெட்டில் விழுந்ததும் காய வேண்டும். எந்த மாமியாரும் மருமகளிடம் இத்தனை எதிர்பார்த்ததில்லை. இரண்டு வருஷம் மல்லுக்கட்டினாள். அட்டைப்பெட்டி சுலபமாக வழிக்கு வந்தது; அட்டை தானே மையைக் குடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் ஃபிலிம்தான் படுத்தியெடுத்தது. தண்ணீர் மை அதன் மேல் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. மின்சாரம் பாய்ச்சிப் பதப்படுத்திய ஃபிலிமில், கடைசியாக ஒருநாள், ஒட்டியது. செலோ டேப்பை அதன் மேல் அழுத்தி வெடுக்கென்று பிய்த்தாள். ஓர் எழுத்துகூட டேப்போடு வரவில்லை. அன்றைக்கு அவள் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. ஸ்ரீனிவாஸ்தான் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிவந்தான்.

முதல் சோதனையைக் கிணத்துக்கடவு அங்கப்பனின் தேங்காயெண்ணெய் மில்லில் வைத்துக்கொண்டார்கள். வயதில் பெரியவர், நெடுநாள் வாடிக்கையாளர்.

“நானும் வாரேனுங்க” என்றாள் மானசா.

“அத்தனை ஆம்பளைங்க நடுவுல நீ எதுக்கு? நான் பார்த்துக்கறேன்.”

குழந்தைக்கு வேறு அன்று காய்ச்சல். அவள் வற்புறுத்தவில்லை.

சாயங்காலம் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். விரலால் தேய்த்ததுமே தேதி அழிந்துவிட்டதாம்.

“ஃபிலிம் ரோல் புதுசான்னு கேட்டீங்களா? நாளானா அந்தப் பதம் இறங்கிப்போயிரும். பழைய ரோல்ல நம்ம மை நிக்காதுன்னு சொல்லித்தானே அனுப்பிச்சேன்?”

“கேட்டேன். போன வாரம் வந்த ரோல்தானாம்.”

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கையால் பூசிப் பார்த்தபோது நின்ற மை மெஷின் வேகத்தில் நிற்கவில்லை, கோளாறு தன் ரெசினில்தான் என்று முடிவுகட்டினாள். அதைக் கூட்டினாள், இதைக் குறைத்தாள். நன்றாக இருந்ததைத் தன் கையாலேயே கெடுத்தாள். முன்பு ஒட்டியதிலும் இப்போது ஒட்டவில்லை. கடைசியில் ‘நமக்கு அவ்வளவுதான் மூளை’ என்று சொல்லிவிட்டு, சரவணம்பட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றில் கெமிஸ்ட்ரி டீச்சராகப் போய்ச் சேர்ந்தாள். கம்பெனி பழையபடி சால்வன்ட் மைக்குத் திரும்பியது.

இரண்டு வருஷம் கழித்து அங்கப்பன் புது மில் கட்டித் திறப்பு விழாவுக்கு அழைத்தார். இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். ஸ்ரீனிவாஸ் மெஷினைப் பார்க்கப் போன நேரத்தில் பெரியவர் மானசாவிடம் வந்தார்.

“ஏனுங்க அம்மணி, அந்தத் தண்ணி மையை ஏனுங்க உட்டுப்போட்டீங்க?”

“அதுதான் உங்க ஃபிலிம்ல ஒட்டலைங்களே.”

“அதெங்கீங்க ஒட்டும்! நான் குடுத்தது குடோன்ல வருசக்கணக்காக் கெடந்த ரோலு. சோதனைக்குத்தானே, புதுசை எதுக்குக் கெடுக்கோணும்னு எடுத்துக் குடுத்துப்போட்டேன். பழசுல மை புடிக்காதுன்னு ஃபிலிம் கம்பெனிக்காரர் பின்னாலதான் சொன்னாருங்க. தம்பி அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, புதுசையே பிரிச்சுக் குடுத்திருப்பேனுங்க.”

“அவர் கேக்கலைங்களா?”

“ஒண்ணுமே கேக்கலீங்க. தங்கமான பையன்” என்று சிரித்துவிட்டு, “இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்” என்று அடுத்த விருந்தாளியிடம் போய்விட்டார்.

மானசா சாப்பிட உட்கார்ந்தாள். எதிலும் ருசி தெரியவில்லை. அந்த ஃபிலிமில் ஒரு சாண் வெட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தால் போதுமே என்று நினைத்தாள். காய்ச்சல் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். மாணவிகளுக்கு ‘சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதே’ என்று தினமும் பாடம் நடத்துகிறவள், தன் ரெசினைச் சந்தேகப்பட்டாள், புருஷன் வார்த்தையைச் சந்தேகப்படவில்லை.

ஈச்சனாரி தாண்டியதும் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள்.

“ரோல் பழசான்னு அவருகிட்ட நீங்க கேக்கவே இல்லையா?”

ஸ்ரீனிவாஸுக்குப் புரிந்துவிட்டது. “பெரிய மனுசர். நமக்காக மெஷினை நிறுத்திக் குடுத்தார், சாப்பாடு போட்டார். உங்க ரோல் பழசான்னு மூஞ்சிக்கு நேரா எப்படிக் கேக்கறது? மரியாதையா இருக்குமா?”

நம் பக்கத்து மரியாதைக்கு இப்படி ஒரு குணம் உண்டு. வெளியாள் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ளும். அதற்கான செலவை வீட்டுக்காரி தலையில் கட்டிவிடும்.

“அவருகிட்டக் கேக்கலை, சரி. எங்கிட்ட எதுக்குங்க கேட்டேன்னு சொன்னீங்க?”

“கேக்காம வந்தேன்னா நீ திட்டுவேன்னு பயம். இத்தனை தூரம் போகும்னு நினைக்கலை. அப்புறம் சொல்லலாம்னா வாய் வரலை.” அவன் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தான். “மறுபடியும் ஆரம்பிக்கலாம் மானசா. இந்தத் தடவை நீயே வந்து நின்னு பாரு.”

“அது முடியாத காரியமில்லீங்க. ரெசினை மறுபடி பண்ணிரலாம். சோதனைக்கும் நானே போயிக்குவேன்” என்றாள். “ஆனா இனிமே நீங்க ஊட்டுக்கு வந்து, ‘சாப்பிட்டாச்சு’ன்னு சொன்னாக்கூட, நெசந்தானான்னு தோணுமேங்க. அதுக்கு நான் என்ன பண்றது?”

அவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். எப்போதும் அவன் தோளில் கை வைத்துக்கொள்கிறவள், பின்னாலிருந்த ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.