நாலு மில்லிமீட்டர் சதை

காலையிலிருந்து பதினான்கு கைகளை அளந்தாயிற்று. எல்லாம் குழந்தைக் கைகள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, எந்த நிறத்தில் வந்து நிற்கிறது என்று நர்ஸ் பார்க்க வேண்டும். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் பிள்ளை வாடியிருக்கிறது. சிவப்பு என்றால் உயிருக்கே ஆபத்து. போன மாதம்வரை மஞ்சளுக்கும் சிவப்புக்கும் சத்துப் பொட்டலம் கொடுத்தார்கள். இன்று சுவரில் ஒரு சுற்றறிக்கை தொங்கியது. நடப்பாண்டு நிதி ஒதுக்கீடு குறைக்கப்பட்டுள்ளதால், இனி சிவப்புக்கு மட்டும்.

கையெழுத்துப் போட்டவர் எங்கோ லிப்ட் வைத்த கட்டடத்தில் இருந்தார். முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவள் இவள். முதல் தாய்க்கு உட்காரவைத்து விளக்கினாள். நாலாவது தாய் வருவதற்குள் அது, "வராதும்மா, மேலிடத்து உத்தரவு" என்று சுருங்கிவிட்டது.

பதினைந்தாவதாக, சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் வந்தாள். முன்கையெல்லாம் சூடுபட்ட தழும்பு. இடுப்பில் இரண்டு வயது மகள். போன மாதம் கிடந்த கிடப்பைப் பார்த்து அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்ததே நர்ஸ்தான்.

"சிஸ்டர், உங்க சுண்டெலி நேத்து நாற்காலி மேல ஏறிட்டா. இறக்கிவிட்டா மறுபடி ஏறுறா. இவங்கப்பா, 'இது எலி இல்லடி, குரங்கு'ங்கிறார்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைய முதல் சிரிப்பு. நாடாவைச் சுற்றினாள். போன மாதம் நூற்றுப் பதிமூன்று, சிவப்பு. இப்போது நூற்றுப் பதினேழு. நாலு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. பகலெல்லாம் நின்றே வேலை பார்த்தவள், வீட்டுக்கு வந்து கண் சொருகச் சொருக ஊட்டி ஏற்றிய சதை.

"மஞ்சளுக்கு வந்துட்டாளா!" தாய் பிள்ளையை ஒரு தூக்குத் தூக்கினாள்.

"வந்துட்டா. அதனாலதான்மா… இனிமே பொட்டலம் வராது."

சுற்றறிக்கையைக் காட்டினாள். தாய் அதைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

"போன மாசம் மாதிரியே கிடந்திருந்தா குடுத்திருப்பீங்க?"

"ஆமா."

"அப்போ நான்தான் அவசரப்பட்டு ஊட்டிட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "எத்தனை நாள் குறைச்சுக் குடுத்தா மறுபடி சிவப்புக்குப் போவா?"

"உனக்கென்ன பைத்தியமா?"

"வீட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். பொட்டலம் இல்லாட்டி ரெண்டு மாசத்துல தானாவே இறங்கிடுவா. அதுக்கு இப்பவே நாலு நாள் இறக்கிட்டா, சீக்கிரம் ஏத்திடலாமில்ல?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. சட்டை மடிப்பு எங்கே வரவேண்டும் என்று கேட்பதுபோலக் கேட்டாள். இருபத்திரண்டு வருடப் பணியில் நர்ஸ் எத்தனையோ பேருக்கு இந்த அளவைக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். சதையை அழுத்தக் கூடாது என்பதுதான் முதல் பாடம்.

நாடாவை மறுபடி சுற்றினாள். இழுத்தாள். சுண்டெலி முகத்தைச் சுளித்தது, அழவில்லை. சிவப்பு வந்து நின்றது.

"நல்லா ஊட்டு," என்றாள் எழுதிக்கொண்டே. "அடுத்த மாசமும் ஊட்டு. இழுக்கிறது என் வேலை."

ஆனால் சிவப்பு என்று எழுதினால் பெரிய ஆஸ்பத்திரியிலும் ஒருமுறை அளந்து கையெழுத்து வாங்க வேண்டும். பொட்டலமும் அங்கேதான் கொடுப்பார்கள். அங்கே அளக்கிறவள் இவளோடு பயிற்சி எடுத்தவள். போன் போட்டாள்.

"ஒரு குழந்தையை அனுப்புறேன். சிவப்பு."

"நிஜ சிவப்பா, சுற்றறிக்கைச் சிவப்பா?"

நர்ஸ் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வெட்கப்படாதடி. இன்னைக்கு நீ ஏழாவது ஆள். எல்லா இடத்துலயும் ஒரே நாள்ல நாடா சுருங்கிப்போச்சு." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அனுப்பு, நானும் இழுத்துப் பிடிக்கிறேன். ஆனா இதோட நிறுத்திக்கோ. எனக்கு வர்றதும் அளவாத்தான் வருது. நாளைக்கு நிஜமாவே ஒண்ணு துவண்டுபோய் வந்தா, நான் என்னத்தைக் குடுப்பேன் சொல்லு?"

இஸ்திரிக்காரி சீட்டை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்ல வாயெடுத்தவளை நர்ஸ் போகச் சொல்லிக் கையாட்டினாள்.

பெஞ்சிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அடுத்த தாய், கூப்பிடும் முன்பே எழுந்து வந்தாள். மகளின் சட்டைக் கையை ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்தாள்.

"சிஸ்டர், இவளுக்கும் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க."

நர்ஸ் நாடாவைச் சுற்றினாள். இழுக்கவில்லை.

"மஞ்சள்."

"இன்னொரு தடவை பாருங்களேன்."

"பாத்துட்டேன்மா," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.