பின்னால் போன முதல் கியர்

ஒரே நாளில் எங்கள் வீட்டில் இரண்டு முறிந்தன. ஒன்று டிராக்டரின் பின் அச்சு. இன்னொன்று அப்பாவுக்கும் மாமாவுக்கும் இருந்த பேச்சு.

சேற்றில் மாட்டிய ஒரு லாரியை இழுக்கப் போன இடத்தில் அது நடந்தது. அப்பா டிராக்டரில் உட்கார்ந்திருந்தார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கீழே நின்று கை காட்டினார். மெதுவாக என்று காட்டியதாக மாமா சொல்கிறார். ஓங்கி இழு என்று காட்டியதாக அப்பா சொல்கிறார். சக்கரத்துக்கு உள்ளே எதுவோ டக்கென்று முறிந்தது. அதன் பிறகு இன்ஜின் உறுமியதே தவிர வண்டி ஓர் அடி நகரவில்லை. கடைசியில் பத்துப் பேர் தள்ளி லாரி தானே வெளியே வந்து, எங்கள் டிராக்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக் கொட்டகையில் விட்டது. அச்சு போனதைவிட அந்த ஊர்வலம்தான் அப்பாவுக்கு அவமானம். மறுநாளே பழைய இரும்புக் கடைக்காரரிடம் போய், அடுத்த வாரம் வந்து டிராக்டரை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அப்பாவுக்கு முதுகு வலி வந்த பிறகு உழவுக்கெல்லாம் போவது அவள்தான். டிராக்டர் இல்லையென்றால் அத்தையின் தையல் கடையில் பித்தான் தைக்கப் போக வேண்டும் என்று ஏற்கனவே பேச்சு இருந்தது. ஊசியைக் கையில் எடுத்தாலே அவளுக்குக் கொட்டாவி வரும். இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கினாள்.

“இரும்புக் கடைக்காரர் வர்றப்ப அது தன் கால்ல கொட்டகைய விட்டு வெளிய வரட்டும். வந்தா இருந்துட்டுப் போகுது. வரலைன்னா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.”

அப்பாவுக்கு வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரியும். மாமாவிடம் வெல்டிங் கடையும் பெரிய ஸ்பேனர்களும் இருந்தன. ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் முடியாது. பேச்சோ இல்லை. அதனால் காலையில் அப்பா, சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு மாமா என்று ஆகிவிட்டது. நடுவில் சேதி கொண்டுபோவது என் வேலை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பேரிங் தேய்ந்துவிட்டது என்று அந்த மனுஷனிடம் சொல் என்பார் அப்பா. கண் இருக்கிறவனுக்குத் தெரியும் என்று அந்தப் பெரிய மனுஷனிடம் சொல் என்பார் மாமா. நான் “சரின்னு சொன்னாரு” என்று மட்டும் சொல்லி வைப்பேன்.

புது அச்சு எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்த பழையது, பார்த்தால், அதே இரும்புக் கடைக்காரரின் குவியலில் கிடந்தது. மாமா ஒரு ஓடாத மோட்டாரைக் கொடுத்துவிட்டு அதைத் தூக்கி வந்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

முறிந்த துண்டுகள் உள்ளே விழுந்திருந்ததால் இரண்டு பக்கச் சக்கரங்களையும் கழற்ற வேண்டியிருந்தது. நடுவில் பூசணிக்காய் அளவு ஓர் உருண்டை, அதன் ஒரு பக்கத்தில் தட்டு மாதிரி பெரிய பல்சக்கரம். அதற்குக் கிரவுன் என்று பெயர். இன்ஜினின் சுழற்சியை வாங்கி இரண்டு சக்கரத்துக்கும் கொடுப்பது அதுதான். அப்பாவும் அக்காவும் அதை அணைத்துத் தூக்கி, வண்டிக்குள் எப்படி இருந்ததோ அப்படியே, பல் இடது பக்கம் பார்க்க ஒரு பலகையில் வைத்தார்கள். யாரும் அதைத் தொடக் கூடாது என்று அப்பா என்னிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த ஆளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் மாமா அதை மண்ணெண்ணெய் ஊற்றிப் பளபளவென்று கழுவினார். எண்ணெய் வடிவதற்காக மறுபக்கம் திருப்பி வைத்தார். அதைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அப்பா அதை இருந்தபடியே எடுத்து உள்ளே வைத்தார். அந்தப் பழைய வண்டியில் அது இரண்டு விதமாகவும் பொருந்தும். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பார் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே போல்ட்டுகளை முறுக்கினார்.

இரும்புக் கடைக்காரர் வேனோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். அப்பா கொட்டகையின் வலது ஓரம், மாமா இடது ஓரம். அக்கா ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினாள். முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டாள்.

வண்டி நகர்ந்தது. பின்னால்.

கொட்டகையின் பின்பக்கத் தகரம் முனகிக்கொண்டு சாய்ந்தது. அதற்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா, கையில் ஈரச் சட்டையோடு எல்லோருக்கும் தெரிந்தார். இந்தப் பக்கமாக வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லக் கூடாதா என்று கேட்டார்.

அக்கா பதறி நிறுத்தினாள். தப்பான கியர் என்று நினைத்து இரண்டாவதைப் போட்டாள். இன்னும் வேகமாகப் பின்னால் போயிற்று. அம்மா கொடியை அவிழ்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். இரும்புக் கடைக்காரர் தன் ஆட்களிடம் சங்கிலியை எடுக்கச் சொன்னார்.

மாமா தலையில் கை வைத்தார். பிறகு, அத்தனை நாளுக்கப்புறம் முதல் தடவையாக, அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

“அத்தான், கிரவுன எந்தப் பக்கம் வச்சீங்க?”

“நீ வச்சிருந்த பக்கம்தான், மச்சான்.”

“நான் வடியட்டும்னு திருப்பி வச்சேன்.”

“திருப்பினவன் வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?”

“யார்கிட்ட சொல்றது? நீங்கதான் பெரிய மனுஷனாச்சே!”

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பல் பக்கம் மாறினால் சக்கரமும் எதிர்ப்பக்கம்தான் சுற்றும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கியர் கம்பியை இழுத்து ரிவர்சில் போட்டாள். டிராக்டர் கனைத்துவிட்டு, மாப்பிள்ளை மாதிரி நிதானமாக, கொட்டகையை விட்டு முன்பக்கமாக வெயிலுக்கு வந்து நின்றது.

இது கணக்கில் சேராது என்றார் இரும்புக் கடைக்காரர். முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக மூன்று கியர் உள்ள வண்டியை எவன் வைத்துக்கொள்வான் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அக்கா ஸ்டியரிங்கை விடாமல் அப்பாவையே பார்த்தாள். அப்பா மோவாயைச் சொறிந்தார்.

“தன் கால்ல வெளிய வரணும்னு சொன்னேன்,” என்றார் மெதுவாக. “எந்த கியர்ல வரணும்னு நான் சொல்லலையே. வண்டி இருக்கட்டும்.”

“அதுக்குப் போட்டிருக்கிற அச்சும் உங்க கடையோடதுதான்,” என்றார் மாமா. “நல்ல அச்சு.”

இரும்புக் கடைக்காரர் சிரித்துவிட்டார். அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வேனில் ஏறினார். அதற்குள் அப்பாவும் மாமாவும் ஒரே பக்கமாகக் குந்தி, எந்தச் சக்கரத்தை முதலில் கழற்றுவது என்று மறுபடி சண்டை பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். கழற்றுவதற்கு அங்கே வண்டி இல்லை. வேன் கேட்டைத் தாண்டும் வரைக்கும் அக்கா அதன் பின்னாலேயே, ரிவர்ஸ் கியரில், நடக்கிற வேகத்தில் டிராக்டரை ஓட்டிக்கொண்டு போனாள்.