இனி நிக்காது

எங்கள் காருக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்ரேறிங்குக்கு முன்னால் உள்ள சின்ன விளக்குகள் எல்லாம் ஒருமிக்க எரியும். அடுத்த நிமிடம் நடு றோட்டில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்ராட் ஆகும். கராஜுக்குக் கொண்டுபோனால் மட்டும் நிற்கவே நிற்காது. வீட்டில் குழப்படி செய்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கைகட்டி இருக்கும் பிள்ளை மாதிரி.

கார் விற்ற கம்பனியின் யாழ்ப்பாணக் கராஜில் பொறுப்பாக இருந்தவன் லக்ஷன். என் மனைவி தயாளினியின் இறந்துபோன அண்ணனுக்கு ஒரே மகன். தகப்பன் இல்லாத பிள்ளை என்று அவள் அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

அவன் காரில் கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்தான். "பற்றரிதான் மாமா" என்றான். புதுப் பற்றரி போட்டோம். கார் நின்றது. "பற்றரிக்குச் சார்ஜ் ஏறேல்லை, ஒல்டனேற்றர்தான் பிழை" என்றான். அதையும் மாற்றினோம். நெல்லியடிச் சந்தையடியில் எல்லாரும் பார்க்க நின்றது. பிறகு ஏதோ சென்சர் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உவனுக்கு ஒரு மண்ணும் விளங்கேல்லை. நான் வேறை ஆளிட்டைக் காட்டப்போறன்."

"வெளியிலை கொண்டுபோனால் அவன் என்ன நினைப்பான்? அவன்ரை அம்மா என்ன நினைப்பா?" என்றாள் தயாளினி. "எனக்கு இருக்கிறது ஒரே ஒரு மருமோன். கொஞ்சம் பொறுங்கோ."

பொறுத்தேன். சொந்தக்காரனின் முகம் சுருங்கிவிடக்கூடாது என்று எதையும் பொறுத்துக்கொள்வதில் எங்கள் ஆட்களை வெல்ல ஆளில்லை.

சந்தோசத்துக்கு ஓடிய கார் அல்ல அது. தயாளினிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமையில் இரண்டு முறை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போக அவளால் ஏலாது. வழியில் வல்லை வெளி வந்தால் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். வீடு இல்லை, மரம் இல்லை, உப்புத் தரையும் காற்றும்தான். அதைத் தாண்டியதும் அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

மார்கழியில் லக்ஷன் மறுபடியும் காரை வாங்கி வைத்திருந்து, தானே ஓட்டிவந்து திறப்பைத் தந்தான். "கொழும்பிலை இருந்து ஆள் வந்து பாத்தவர் மாமா. இனி நிக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

மறுநாள் விடியத் தயாளினிக்கு மூச்சு இழுத்தது. கால்கள் வீங்கிக் கிடந்தன. பக்கத்து வீட்டு ஆரபி மதிலால் எட்டிப் பார்த்து, "அம்புலன்சுக்கு அடிக்கட்டே அண்ணை?" என்று கேட்டாள். தயாளினிதான் கையை அசைத்து மறித்தாள்.

"லக்ஷன் செய்து தந்திருக்கிறான். காரிலையே போவம்."

வல்லைப் பாலத்துக்குக் கிட்டப் போனபோது விளக்குகள் எல்லாம் ஒருமிக்க எரிந்தன.

கார் நின்றது. "கண்ணாடியைத் திறவுங்கோ, மூச்சு முட்டுது" என்றாள். கரண்ட் இல்லாத காரில் கண்ணாடி எப்படி இறங்கும்? கதவைத் திறந்துவிட்டேன். மழைச்சாரல் அவள் மடியில் அடித்தது. அம்புலன்சுக்கு அடித்துச் சொல்லிவிட்டு லக்ஷனுக்கு அடித்தேன்.

"பிறேக்கை மிதிச்சுக்கொண்டு ஸ்ராட் பொத்தானை அமத்திப் பிடியுங்கோ மாமா."

அமத்திப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. போனில் அவன்மேல் கத்தத் தொடங்கினேன். என்ன கத்தினேன் என்று இப்போது ஞாபகமில்லை. தயாளினி என் கையைப் பிடித்தாள்.

"பிள்ளையை ஏசாதையுங்கோ."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அம்புலன்ஸ் வந்தபோது அவர்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. பின்னேரம் காரை எடுக்கப் போனவர்களுக்கு அது ஒரே அமத்தில் ஸ்ராட் ஆகியதாம்.

லக்ஷன் பாடையைத் தோளில் சுமந்தான். சுடலைவரைக்கும் அழுதுகொண்டே வந்தான். நான் ஏசவில்லை.

அவள் போய் எட்டாம் நாள், எட்டுச் செலவன்று அவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைத்திருந்தோம். முற்றத்தில் எங்கள் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. லக்ஷன் உள்ளே வந்து கையை விரித்துக் காட்டினான். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போன ஒரு வயர்த் துண்டு.

"பிழையைப் பிடிச்சிட்டம் மாமா. ஏர்த் வயர். பற்றரிக்குக் கீழை இருந்தது, உப்புத் திண்டு போச்சு."

பற்றரிக்குக் கீழே. பழைய பற்றரியைத் தூக்கிப் புதியதை வைத்த கைகள் அந்த வயரில் முட்டாமல் வைத்திருக்க முடியாது. எனக்கு அவன் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் கண்கள் சிவந்திருந்தன, நகமெல்லாம் கிறீஸாக இருந்தது. எல்லாம் முடிந்தபின் தானே கீழே படுத்துக் கழற்றித் தேடியிருக்கிறான். படத்துக்குள் தயாளினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எஞ்சினை நிப்பாட்டாமல் விட்டிருக்கிறன்" என்றான். "காலமை தொட்டு ஓடுது. இனி நிக்காது. ஒருக்கா ஓடிப் பாருங்கோ மாமா."

"எங்கை போறதுக்கு?" என்று கேட்டேன்.

அவன் வயர்த் துண்டைப் பொத்திப் பிடித்தான். முற்றத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. போய் நிறுத்த ஒருவரும் எழும்பவில்லை.