பொருள் எண் நாற்பத்தொன்று

மாநகராட்சி மன்றக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே அஜெண்டா புத்தகம் கவுன்சிலர்கள் வீட்டுக்கு வந்துவிடும். செல்லத்தாய் அதை முழுசாகப் படித்ததே கிடையாது. ஆனையூர்ப் பக்கத்து வார்டுக்கு அவள் கவுன்சிலராகி மூன்று வருஷம் ஓடிவிட்டது. தன் வார்டின் பெயர் எங்கே வருகிறது என்று விரலை வைத்துத் தேடுவாள். குடிநீர்க் குழாயோ தெருவிளக்கோ இருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வைப்பாள். அன்றைக்கு விரல் போய் நின்ற இடத்தில் வேறு ஒரு பெயர் இருந்தது.

பொருள் எண் நாற்பத்தொன்று. திருமதி பாண்டிமீனா என்பவருக்குச் சொந்தமான நிலத்தைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து வணிகப் பகுதியாக மாற்றவும், அதில் இரண்டு மாடி வணிக வளாகம் கட்டவும் மன்றத்தின் ஒப்புதல் கோருதல்.

செல்லத்தாய் அதை மூன்று தரம் படித்தாள். அப்புறம் புத்தகத்தை மூடிக் கட்டிலில் போட்டுவிட்டு, அடுப்பில் உலை கொதித்து வழிவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

பாண்டிமீனா வேற்றாள் அல்ல. இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். ஒரே மகளிர் குழுவில் இருந்து, ஒரே வருஷம் பிள்ளை பெற்று, ஒரே பள்ளிக்கூட வாசலில் காத்துக் கிடந்தவர்கள். அந்த நிலமும் செல்லத்தாய்க்குத் தெரியாததல்ல. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அது ஊருக்கு வெளியே கிடந்த சீமைக்கருவேலங்காடு. அப்போது பாண்டிமீனா அவளை அங்கே கூட்டிப்போய்க் காட்டி, "செல்லா, வெலைக்கு வருது. ரெண்டு பேரும் சேந்து ஆளுக்குப் பாதியா வாங்கிப் போடுவோம்டி" என்றாள். செல்லத்தாய் சிரித்தாள். "இந்த முள்ளுக்குள்ள என்ன பண்ணப் போறோம், ஆடு மேய்க்கவா?" என்று கேட்டுவிட்டு, அந்த வருஷம் நகை வாங்கிக்கொண்டாள். இரண்டே வருஷத்தில் கருவேலங்காட்டை ஒட்டி அகலச் சாலை வந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் வந்தது, வீடுகள் வந்தன.

அதிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள்.

கணவன் வெள்ளைத்துரை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். அந்தப் பள்ளிக்கூடத்துக்கே வேன் ஓட்டுகிறவன்.

"மீனா காம்ப்ளெக்ஸ் கட்டப் போறாளாமே. உங்களுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமே. கீழ சூப்பர் மார்க்கெட்டு, மேல ஜவுளி. கம்பெனிக்காரங்க கார்ல வந்து அளந்துட்டுப் போனாங்க. ஏன், அந்தப் புள்ள உன்கிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. அதுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கட்டப்போவது ஒரு வலி. அதைத் தனக்குச் சொல்லாதது அதைவிடப் பெரிய வலி. வார்டுக் கவுன்சிலர் அவள். கையெழுத்துக்கும் சிபாரிசுக்கும் ஊரே வாசலில் நிற்கிறது. பாண்டிமீனா மட்டும் நேரே மேலே போய்விட்டாள். அதோடு இன்னொன்றும் இருந்தது. தேர்தல் சமயத்தில் வீடு வீடாக அவளுக்காக ஓட்டுக் கேட்டு நடந்தவள் பாண்டிமீனாதான். இன்றைக்கும் தெருவில் செல்லத்தாய் போனால் சாக்கடை அடைப்பைத்தான் காட்டுவார்கள். பாண்டிமீனா போனால் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுப்பார்கள்.

"நான் மன்றத்துல எதுத்துப் பேசப் போறேன்" என்றாள்.

வெள்ளைத்துரை சோற்றுக் கையோடு நிமிர்ந்தான். "என்னான்னு?"

"அந்த ரோட்டுல சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுற நேரத்துல என்ன நெரிசல்னு நீங்கதான தினம் பொலம்புறீக? அங்க ஒரு சூப்பர் மார்க்கெட்டு வந்தா புள்ளைக எங்கிட்டுப் போறது?"

அவன் ஒரு கவளத்தை வாயில் போட்டு மென்றான். "அது நெசந்தான்" என்றான் கடைசியில். "ஆனா நீ அதுக்காகவா பேசப் போற?"

அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த மூன்று நாளும் செல்லத்தாய் வேலை பார்த்ததுபோல் இந்த மூன்று வருஷத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. கொத்தனாரிடம் நீளமான டேப் வாங்கிக்கொண்டு போய், பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாலையை அளந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு வேப்பமரத்தடியில் நின்று, கால் மணி நேரத்தில் எத்தனை வண்டி போகிறது என்று நோட்டில் கோடு போட்டாள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டாள். பாண்டிமீனாவின் நிலம் பள்ளமானது, சுற்றுப்பட்டுத் தெருத் தண்ணீரெல்லாம் அதில்தான் போய்த் தேங்குகிறது என்றார்கள். அதைக் கேட்டபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளுக்கே அசிங்கமாகப் பட்டது. ஆனாலும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நிலத்தின் முன்னால் அதற்குள் ஒரு பெரிய பலகை நட்டிருந்தார்கள். வரப்போகும் கட்டடத்தின் படம் அதில் இருந்தது: கண்ணாடி முகப்பு, முன்னால் வரிசையாகக் கார்கள், பை பையாகத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் குடும்பம். செல்லத்தாய் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். பாதி எனக்கு என்று அன்றைக்குத் தலையாட்டியிருந்தால் அந்தக் கண்ணாடியில் பாதி அவளுடையது. அந்த நினைப்பு வந்ததும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

கூட்டத்தன்று பொருள் நாற்பது வரை யாரும் மூச்சு விடவில்லை; வாசித்ததெல்லாம் நிறைவேறியது. நாற்பத்தொன்றை வாசித்ததும் செல்லத்தாய் எழுந்தாள். பிறகு நோட்டைப் பிரித்தாள்.

"வணக்கத்துக்குரிய மேயர் அவர்களே, எங்க வார்டுல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. சாயங்காலம் மணி அடிச்சா எண்ணூறு புள்ளைக அந்த ரோட்டுக்கு வருதுக. நடைபாதை கெடையாது. அதுக்கு எதிர்லயே வண்டி உள்ள போக, வெளிய வரன்னு வாசல் வச்சா என்ன ஆகும்? மழை பேஞ்சா மூணு தெருத் தண்ணி அந்த எடத்துலதான் நிக்கிது. அதை மேடாக்கிக் கட்டுனா அந்தத் தண்ணி அங்க இருக்க சனங்க வீட்டுக்குள்ள வரும். இதுக்கெல்லாம் பதில் இல்லாம எப்படிங்கய்யா ஒப்புதல் குடுக்குறது?"

எதிர்வரிசைக் கவுன்சிலர்கூட ஒருவர் மேசையைத் தட்டினார். மேயர் நகரமைப்பு அலுவலரைப் பார்த்தார். அவர் தாளைப் புரட்டினார். வாசல் இடம், வடிகால், நடைபாதை மூன்றுக்கும் புதிய வரைபடம் வரும்வரை பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் பேப்பரில் அவள் பெயர் வந்தது. பள்ளிப் பெற்றோர் நாலைந்து பேர் வீடு தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "எங்க புள்ளைகளுக்காகப் பேசுன மொத ஆள் நீங்கதான்க்கா" என்றாள் ஒருத்தி. செல்லத்தாய்க்கு அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பாண்டிமீனா. ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறி வந்தாள்.

"உக்காரு மீனா."

"உக்கார வரல." ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் வீங்கியிருந்தது. "நீ பேசுனதைப் பூரா ஒருத்தர் எனக்குப் போன்ல அனுப்புனாரு. கேட்டேன். அதுல ஒரு பொய்கூட இல்ல. அதான்டி எனக்குக் கோவம். பொய் சொல்லியிருந்தா நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டுப் போயிருப்பேன்."

"புள்ளைக போற ரோடு அது..."

"புள்ளைகளுக்காகத்தான் பேசுனியா? என் மொகத்தைப் பாத்துச் சொல்லு."

செல்லத்தாய் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பொய் சொல்ல நாக்கு எழும்பியது. சொன்னாலும் நம்பமாட்டாள் என்று தெரிந்தது.

"இல்ல" என்றாள். "ஏன் என்கிட்டச் சொல்லல? ஊருக்கே தெரிஞ்சிருக்கு. நான் புத்தகத்துல பாத்துத் தெரிஞ்சுக்கணுமா?"

"சொன்னா உன் மொகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும் செல்லா. நான் கார் வாங்குன அன்னைக்கு நீ சிரிச்ச சிரிப்பைப் பாத்தேன்ல. அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் பாக்க வேணாம்னுதான் சொல்லல."

தெருவில் தள்ளுவண்டிக்காரர் தக்காளி விலையை ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனார்.

"எரியுதுடி" என்றாள் செல்லத்தாய். சொல்லியே விட்டாள். "அன்னைக்கே உன்கூடச் சேந்து வாங்கியிருக்கலாம். நீ கூப்பிட்ட, நான்தான் சிரிச்சேன். உன்னை எங்க பாத்தாலும் அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வருது. அந்தப் பலகை முன்னால நின்னு எம்புட்டு நேரம் வெந்தேன் தெரியுமா?"

பாண்டிமீனா மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எனக்கு மட்டும் எரியலைன்னு நெனைச்சியா? இந்த வார்டு பொம்பளைகளுக்குன்னு ஆனப்ப எனக்குத்தான் சீட்டு வரும்னு இருந்தேன். உனக்குக் குடுத்தாங்க. உனக்காக வீடு வீடா நடந்தேன். நீ ஜெயிச்சு மாலை போட்டு வந்த அன்னைக்கு என் வீட்டுல யாருக்கும் சோறு பொங்கல. தலவலின்னு சொல்லிப் படுத்துட்டேன்."

செல்லத்தாய்க்கு இது புதுசு. மாலையோடு வந்த அன்றைக்கு முதலில் கட்டிப்பிடித்தவளே இவள்தான். அந்தக் கைகளுக்குள்ளே இப்படி ஒன்று இருந்திருக்கிறது. அவள் மனசில் சட்டென்று ஒரு குளிர்ச்சி பரவியது. தன்னைப் பார்த்தும் ஒருத்தி வெந்திருக்கிறாள் என்ற குளிர்ச்சி. அதை முகத்தில் காட்டாமலிருக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாண்டிமீனா அதையும் கண்டுகொண்டாள்.

"இப்ப சந்தோஷமாத்தான இருக்கு உனக்கு?"

"ஆமா" என்றாள் செல்லத்தாய்.

இருவரும் சிரித்திருக்க வேண்டிய இடம்தான். சிரிக்கவில்லை. பாண்டிமீனா எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "கம்பெனிக்காரன் போயிட்டான்னா நான் உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கம்பெனிக்காரர்கள் போகத்தான் பார்த்தார்கள். வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார்கள். பாண்டிமீனா அவர்கள் அலுவலகத்துக்கு நாலு தரம் நடந்தாள், புது இன்ஜினியரைப் பிடித்தாள். வாசலைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே வைக்காமல் பக்கத்துத் தெருப் பக்கம் திருப்பினாள். முன்பக்கம் பத்தடியை நடைபாதைக்கு விட்டுக்கொடுத்தாள். மூன்று தெருத் தண்ணீரும் தேங்காமல் போக நிலத்தின் ஓரமாகவே வடிகால் வரைந்து கொடுத்தாள். வடிகால் எங்கே போய்ச் சேரவேண்டும் என்று தெரியாமல் வரைபடம் ஒரு மாதம் அலுவலகத்தில் கிடந்தபோது, செல்லத்தாய் யாரும் கேட்காமல் தானே பொறியாளரைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினாள். அது நல்ல மனசா, தான் சொன்ன யோசனை வீணாகப் போகக்கூடாது என்ற ரோஷமா என்று அவளுக்கே தெரியாது. பாண்டிமீனாவோடு பேச்சு மட்டும் இல்லை.

ஐந்து மாதம் கழித்துப் பொருள் மறுபடி மன்றத்துக்கு வந்தது. மேயர் செல்லத்தாய் பக்கம் திரும்பி, "வார்டு உறுப்பினருக்குத் திருப்திதானே?" என்று கேட்டார். எல்லாக் கண்ணும் அவள்மேல் இருந்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும், கோப்பு அடுத்த மழைக்காலம் வரை தூங்கும். சரக்கு லாரி எப்போது வரும், எங்கே நிற்கும் என்று கேட்கலாம். அதற்கு அந்த வரைபடத்தில் பதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது.

"லாரி காலைல ஏழு மணிக்கு முன்னாடி வந்து போயிரணும்னு ஒரு வரி சேத்துக்கங்க" என்றாள். "மத்தபடி நான் முன்மொழியிறேன்."

அந்த ஒரு வரியைச் சேர்த்தே தீர்மானம் நிறைவேறியது.

மேலிடத்து அனுமதி வந்து, கட்டடம் எழும்பி, தை மாதம் கடை திறந்தது. திறப்பு விழாவில் பாண்டிமீனா பட்டுச்சேலையில் நின்றாள். கூட்டத்தில் இவளைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குத்துவிளக்கில் ஒரு திரியை ஏற்றச் சொன்னாள். செல்லத்தாய் ஏற்றினாள். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. கண்ணாடி முகப்பில் தன் உருவத்தையும் மீனாவின் உருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது பழைய இடத்தில் பழையபடி வலித்தது. ஆனால் இப்போது அந்த வலிக்குப் பெயர் தெரியும். அதை வேறு எதுவாகவும் வேஷம் கட்டி வெளியே அனுப்ப வேண்டியதில்லை.

ஒரு வாரம் கழித்துச் சாயங்காலம் அந்த வழியாக வந்தாள். பள்ளிக்கூடம் விட்டிருந்தது. பிள்ளைகள் நடைபாதையில் வரிசை கலைந்து கத்திக்கொண்டு போனார்கள். பக்கத்தில் நின்ற ஒரு தாய், கவுன்சிலர் என்று அடையாளம் தெரியாமல், "இந்த நடபாதை வந்ததுல நிம்மதியா இருக்குங்க. பாண்டிமீனாக்கா போட்டுக் குடுத்துச்சாம், தங்கமான மனுசி" என்றாள்.

செல்லத்தாய்க்குச் சுருக்கென்றது.

"எடம் அவ குடுத்தா" என்றாள். "கேட்டு வாங்குனது நான்."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். செல்லத்தாய் அதற்குமேல் விளக்கவில்லை. வீட்டில் பருப்பு தீர்ந்துபோயிருந்தது. பக்கத்துத் தெரு வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு கடைக்குள் போனாள்.